அன்று மாலை தீவு என்ன சாப்பிட்டது?

"பேனாவை நீட்டினா வாங்கி ஜன்னல் வழியா கடல்ல வீசுவேன். கையெழுத்தாவது மண்ணாவது!"

"நீங்க போடலைன்னாலும் மத்த ரெண்டு ஊரும் போட்டா திட்டம் நிறைவேறிடும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நிறைவேறட்டும்மா. என் பேர் இல்லாம நிறைவேறட்டும். அந்த இடம் வெறுமையா இருந்து பல்லிளிக்கட்டும். பின்னால படிக்கிறவன் கேட்பான் இல்ல, இங்க யார் பேர் இருந்திருக்கணும்னு?"

பியார்னே இன்னொரு அப்பத்தை மடித்து, நடுவில் பழுப்புப் பாலாடைக்கட்டி வழிய வழிய வாயில் திணித்துக்கொண்டான். ஃபெர்ரியின் உணவகத்தில் அலையைவிட அந்தப் பெண்மணியின் குரல்தான் அதிகமாக மேஜையை ஆட்டியது. பெயர் தோர்திஸ். தைஸ்தோய் தீவின் மின் வாரியத் தலைவி. தீவுக்காரர்கள் தொடர்ந்து அவரையே தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் மரியாதையா பயமா என்று பியார்னேயால் இன்னும் முடிவுசெய்ய முடியவில்லை.

எதிரே உட்கார்ந்து அவரிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த சிசெல் அவனுடைய முதலாளி. பேர்கன் நகரில் ஒரு மாடிப்படிக்கு அடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருப்பவள். பியார்னே முன்பு டாக்ஸி ஓட்டினான். பயணிகளிடம் ஓயாமல் பேசுகிறான் என்று புகார் வந்து வேலை போனது. அந்தப் புகாரைப் படித்துவிட்டுத்தான் சிசெல் அவனைத் தேடிவந்து வேலை கொடுத்தாள். இவன் வாயை மூட வேண்டுமே என்ற அவசரத்தில் ஜனங்கள் உண்மையை உளறிவிடுகிறார்கள் என்பது அவளுடைய அனுபவம்.

"பாஸ், எனக்குப் புரிஞ்சதைச் சொல்றேன். தப்பா இருந்தா தலையில குட்டுங்க" என்றான் அவன். "மலைக்கு நடுவுல கடல் புகுந்திருக்கிற இந்த ஃபியோர்டுல மூணு ஊர். இன்வோக், மிட்னெஸ், தைஸ்தோய். மூணுக்கும் ஜனங்களுக்கே சொந்தமான மூணு மின் வாரியம். இத்தனை காலமும் அவங்கவங்க இஷ்டத்துக்கு லைன் இழுத்தாங்க. இப்ப மூணு பேரும் ஒண்ணா உட்கார்ந்து, இனிமே புது லைன் எங்கே போகணும், எங்கே போகக்கூடாதுன்னு ஒரே திட்டமாப் போடறாங்க. நல்ல விஷயம். கல்யாணம் மாதிரி."

"கல்யாணம்தான். பந்தியில எனக்கு மட்டும் இலை போடலை" என்றார் தோர்திஸ்.

திட்ட வரைவு சென்ற வாரம் வந்திருந்தது. புது லைன் இன்வோக்கில் கிளம்பி, மலையைத் தாண்டி, மிட்னெஸில் நின்றுவிடுகிறது. தைஸ்தோய்க்கு இரண்டாவது லைன் தேவையில்லை. குளிர்காலத்தில்கூட அந்தத் தீவு கொஞ்சம் மின்சாரம்தான் செலவழிக்கிறது. இருக்கிற ஒற்றை லைனே போதும். அப்படி எழுதியிருந்தார்கள்.

"போன ஜனவரிப் புயல்ல அந்த ஒத்தை லைன் அறுந்துச்சு. மீன் ஆலையோட குளிர்கிடங்கு நின்னு, மலைமலையா மீன் நாறிப்போச்சு. ரெண்டாவது லைன் வந்தா இருப்பேன், வரலைன்னா ஆலையைத் தூக்கிட்டு மிட்னெஸ் போயிடுவேன்னு முதலாளி சொல்லிட்டான். தீவுல பாதிப் பேருக்கு அங்கதான் வேலை. ஆலை போனா பள்ளிக்கூடத்தை மூடுவாங்க. பள்ளிக்கூடத்தை மூடினா..." தோர்திஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சரி, கொஞ்சம்தான் செலவழிக்கிறீங்கன்னு அவங்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்டாள் சிசெல்.

"அதுதான் வயித்தெரிச்சல். எங்க வாரியமே சொல்லியிருக்காம். எங்க முத்திரையோட அளவு போயிருக்கு. ஒவ்வொரு புயல்லயும் அந்தத் தீவை மூச்சுவிட வெச்சது நான். அது எவ்வளவு சாப்பிடும்னு எனக்குத் தெரியாதா? ஆனா இலையுதிர்காலத்துல பழைய கணினியை மாத்தினோம். அசல் அளவெல்லாம் அதோட போச்சு. இப்ப நான் வாயால சொன்னா, லைனுக்காகப் பொய் சொல்றேன்னு ஹல்வார் சிரிக்கிறான்."

ஹல்வார் என்பவர் இன்வோக் வாரியத்தின் தலைவர். கூட்டுத் திட்டக் குழுவுக்கும் அவரே தலைவர். கூட்டம் இன்று பிற்பகல், இன்வோக்கில்.

"நான் சரியாத்தான் அனுப்பினேன் அத்தை." காப்பிக் கோப்பைகளைத் தட்டில் ஏந்தி வந்த இளைஞன் சொன்னான். தீவு வாரியத்தின் பொறியாளன், எஸ்பன். தோர்திஸின் அக்கா மகளைக் கட்டியவன். நெடுநெடுவென்ற உடம்பு, காற்றில் வெடித்த உதடு. "அங்க போய்ச் சேர்ந்ததுக்கு அப்புறம் யார் கை வெச்சாங்களோ."

"கேட்டியாம்மா? மாப்பிள்ளை தங்கம். புயல்ல லைன் அறுந்தா படகுல போய்க் கம்பம் ஏறுறதும் இவர்தான்."

சிசெல் சுருட்டி வைத்திருந்த தாளை மேஜைமேல் விரித்தாள். திட்ட வரைவில் இருந்த கிராஃப், பெரிதாக அச்சிட்டது. தைஸ்தோய் தீவு மணிக்கு மணி எவ்வளவு மின்சாரம் எடுத்தது என்று காட்டும் ஒரே நீலக் கோடு.

"இதென்ன, திமிங்கலம் படுத்திருக்கு?" என்றான் பியார்னே. கோடு நண்பகலில் மெல்ல எழும்பி, மாலை ஐந்து மணிக்கு உச்சத்தைத் தொட்டு, இரவில் வால்போலச் சரிந்தது.

"கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள்" என்று எஸ்பன் விளக்கினான். "போன குளிர்காலத்துல அந்த வாரம்தான் ஆகக் குளிர். எந்த லைனுக்கும் ஆகக் குளிரான நாளை வெச்சுத்தான் திட்டம் போடுவாங்க."

சிசெல் திமிங்கலத்தின் முதுகை விரலால் தடவினாள். பிறகு, சம்பந்தமே இல்லாத கேள்வி ஒன்றைக் கேட்டாள்.

"அன்னிக்கு சாயங்காலம் தீவுல என்ன சாப்பாடு?"

தோர்திஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்மா, நான் உன்னைக் கூட்டிட்டு வந்தது துப்பறியவா, விருந்துக்கா?"

"பாஸுக்குப் பசி வந்தா இப்படித்தான்" என்றான் பியார்னே. "போன வழக்குல பிணத்துக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு ஊறுகாய் பத்திக் கேட்டாங்க."

"சொல்லுங்க. என்ன சாப்பாடு?"

"மீன்தான். பச்சைக் காட் மீன். வேற என்ன?"

சிசெல் எழுந்துபோய் அப்பம் சுடும் பெண்ணிடம் கேட்டாள். அவளும் தைஸ்தோய்க்காரி. காட் மீன் என்றாள். கூடவே ஈரலும் என்றாள். டிக்கெட் பரிசோதகரும் காட் மீன் என்றுதான் சொன்னார், ஆனால் ஈரல் சேர்ப்பவன் மனிதனே இல்லை என்றார். மூலையில் தூங்கிக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் அந்த வார்த்தை காதில் விழுந்ததும் எழுந்து உட்கார்ந்தார். ஈரல் இல்லாத காட் மீனை உன் பூனைக்குப் போடு என்றார். உணவகமே இரண்டு கட்சியாகப் பிரிந்தது.

"எப்ப சமைப்பீங்க?" என்று சத்தத்துக்கு நடுவே கேட்டாள் சிசெல்.

"அஞ்சு மணிக்குத் தேவாலய மணி அடிக்கும். ஒரு குஞ்சு குருவி வீட்ல இருக்காது. வந்தப்புறம்தான் உலை வைக்கணும்" என்றாள் அப்பக்காரி. "காட் மீனை முன்னாலயே வேக வெச்சா பஞ்சாப் போயிடும். உப்புத் தண்ணி கொதிச்சதும் உள்ள போடணும், எல்லாரும் நாற்காலியை இழுத்து உட்காரும்போது வெளிய எடுக்கணும்."

"எங்க மாப்பிள்ளைக்குத்தான் அது இறங்காது" என்று தோர்திஸ் கேலியாக எஸ்பனின் தோளைத் தட்டினார். "இன்வோக்ல பொறந்தவர் ஆச்சே. அவங்க அம்மா உப்புப் போட்டு உலர்த்தின ஆட்டு விலாவை அனுப்பி வெப்பாங்க. மனுஷன் பானை அடியில பிர்ச் மரக் குச்சியை அடுக்கி, மத்தியானம் பூரா ஆவியில வேக வெப்பார். தேவாலயத்துக்கு அடுப்பை அணைக்காம வர்ற ஒரே ஆள்!"

"வீட்டுக்கு வீடு" என்று சிரித்தான் எஸ்பன். கோப்பைகளை அடுக்கி எடுத்துக்கொண்டு போனான்.

ஃபெர்ரி இன்வோக் துறையில் முட்டி நின்றபோது சிசெல் தாளைச் சுருட்டிக்கொண்டு முதல் ஆளாக இறங்கினாள்.

"பாஸ், ஒரு துப்பு கிடைச்சிருக்குன்னு உங்க நடை சொல்லுது. எனக்கும் ஒரு துண்டு பிச்சுப் போடலாமே."

"திமிங்கலத்தோட முதுகு எந்த நேரத்துல உசந்து நிக்குது?"

"அஞ்சு மணிக்கு."

"அஞ்சு மணிக்குத் தீவு எங்க இருக்கு?"

"தேவாலயத்துல." பியார்னேயின் கால்கள் நின்றுவிட்டன. "அடுப்பெல்லாம் அணைஞ்சு கிடக்கு! அப்ப அந்த நேரத்துல கோடு பள்ளமால்ல இருக்கணும்? பாஸ், அது தீவோட கோடே இல்ல. மத்தியானம் முழுக்க ஆட்டு விலா வேக வெக்கிற ஊரோட கோடு. இன்வோக்!" அவனுக்கு மூச்சு வாங்கியது. "ஹல்வார் தன் ஊர்க் கோட்டைச் சின்னதாக்கி, தைஸ்தோய்னு பேர் எழுதி ஒட்டியிருக்கார்!"

"இருக்கலாம்" என்றாள் சிசெல்.

அந்த 'லாம்' பியார்னேக்குப் பிடிக்கவில்லை. அவன் ஏற்கனவே ஹல்வாரின் முகத்தில் குத்துவதுபோல ஒரு வசனத்தைத் தயார்செய்து வைத்திருந்தான்.

நகர மன்றத்தின் கூட்ட அறையில் நீண்ட மேஜைமேல் இறால் அடுக்கிய ரொட்டித் துண்டுகள் காத்திருந்தன. சுவரில் மூன்று ஊரையும் மலையையும் கடலையும் காட்டும் பெரிய வரைபடம். அதில் புது லைன் சிவப்பு நூலாக ஓடி, மிட்னெஸில் ஒரு குண்டூசியோடு முடிந்திருந்தது. குண்டூசிக்கு அப்பால் வெறும் நீலக் கடல். அதன் விளிம்பில் ரொட்டித் துணுக்குபோலத் தைஸ்தோய். மிட்னெஸ்காரர்கள் இன்னும் வரவில்லை.

ஹல்வார் பெரிய உருவம், சின்னக் கண்ணாடி. "ஏய் தோர்திஸ், போலீஸைக் கூட்டிட்டு வந்திருக்கியா?"

"உனக்குப் போலீஸ் எதுக்குடா? பள்ளிக்கூடத்துல என் பென்சிலைத் திருடினப்பவே உன்னை நான் தனியா மடக்கினேன்."

"அது என் பென்சில்!"

"பென்சில் இருக்கட்டும்" என்று பியார்னே முன்னால் பாய்ந்தான். "போன கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் உங்க வீட்ல ஆட்டு விலாதானே?"

"ஆமா."

"உங்க ஊர் முழுக்க?"

"ஆமா. இன்வோக்ல வேற எதைச் சாப்பிடுவாங்க?"

"ஒத்துக்கிட்டார் பாஸ்!"

சிசெல் தாளை விரித்து, திமிங்கலத்தையும் தேவாலயத்தையும் அடுப்பையும் பற்றிச் சுருக்கமாகச் சொன்னாள். தோர்திஸின் கண்கள் விரிந்துகொண்டே போயின. "ஒரு வாரமா இதையே முறைச்சுப் பார்த்துக்கிட்டிருக்கேன். கோடு எவ்வளவு உசரம்னுதான் பார்த்தேன், அது என்ன உருவம்னு பார்க்கலையே! ஹல்வார், திருட்டுப் பயலே..."

ஹல்வார் கோபப்படவில்லை. அதுதான் பியார்னேயை உறுத்தியது. அவர் நிதானமாக அலமாரியைத் திறந்து இன்னும் இரண்டு தாள்களை எடுத்துவந்து பக்கத்தில் விரித்தார்.

"இது எங்க ஊர். அதே நாள். பாருங்க."

இன்வோக்கின் கோடு தரைபோலத் தட்டையாக இருந்தது. மேடும் இல்லை, பள்ளமும் இல்லை.

"அலுமினியம் உருக்குற தொழிற்சாலை" என்றார் ஹல்வார். "ராத்திரி பகல் கிடையாது, பண்டிகை கிடையாது. ஊர்ல இருக்கிற அத்தனை அடுப்பும் சேர்ந்தாலும் அதுக்கு முன்னால ஒரு தும்மல்தான். இதைச் சின்னதாக்கினா திமிங்கலம் வருமா? கரண்டிக் காம்பு மாதிரி நேர்க்கோடுதான் வரும். இது மிட்னெஸ். கரையோரம், அவங்களும் காட் மீன்தான்."

மிட்னெஸின் கோட்டில் ஐந்து மணிக்கு ஒரு பள்ளம். பள்ளத்தைத் தாண்டியதும் ஊசிபோல ஓர் உச்சம். தேவாலயம், பிறகு உலை. ஒரு ஊர் முழுவதும் எழுந்து போய், திரும்பி வந்து, ஒரே நேரத்தில் பானையை அடுப்பில் வைத்தது அந்தச் சின்னக் கீறலில் தெரிந்தது. பியார்னே ஒரு கணம் தன் வேலையை மறந்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்குத் தோர்திஸைப் பிடிக்காதுன்னு ஊருக்கே தெரியும்" என்றார் ஹல்வார். "ஆனா பக்கத்து ஊரை இருட்டுல தள்ளிட்டு நான் கூட்டுத் திட்டம்னு பேர் வெச்சுக்க மாட்டேன். வந்த அளவை நம்பினேன். அதுதான் என் தப்பு."

பியார்னே தயாரித்து வைத்திருந்த வசனம் தொண்டையிலேயே செத்தது. "அப்ப எந்த ஊர்க் கோடு பாஸ் இது?"

"எந்த ஊருதும் இல்ல" என்றாள் சிசெல். "இது நகல் இல்ல, பியார்னே. யாரோ உட்கார்ந்து சொந்தமா வரைஞ்சது. கெட்டிக்காரர். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கோடு சும்மா தட்டையா இருந்தா யாராவது சந்தேகப்படுவாங்கன்னு தெரிஞ்சிருக்கு. அதனால அன்னிக்கு ஒரு மேடு வேணும்னு யோசிச்சார். கண்ணை மூடி, அன்னிக்கு அடுப்பு எப்ப எரியும், எப்ப அணையும்னு நெனச்சுப் பார்த்தார். யாரும் இதையெல்லாம் போய்க் கேட்டுக்கிட்டு இருக்க மாட்டாங்க. அவங்கவங்க சமையலறைதான் ஞாபகம் வரும்." அவள் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தைஸ்தோய் வாரியத்தோட முத்திரையைத் தொடக்கூடியவர். ஆனா அவர் வீட்டு அடுப்பு மட்டும் மத்தியானத்துலேர்ந்து எரியுது. தேவாலயத்துக்குப் போகும்போதுகூட அணைக்கிறதில்ல."

அறையில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. கதவோரம் நின்றிருந்த எஸ்பன் தானாகவே நாற்காலியில் உட்கார்ந்தான்.

"மாப்பிள்ளை?" என்றார் தோர்திஸ். அந்த ஒரு சொல்லில் அவருடைய குரல் தேய்ந்துவிட்டது.

"நீங்க புயல்ல அந்தக் கம்பத்துல ஏறினதில்ல அத்தை." எஸ்பன் தன் கைகளைப் பார்த்தபடி பேசினான். "கீழ படகு இருக்கா இல்லையான்னே தெரியாது. ஐஸ் முகத்துல அறையும். ஒவ்வொரு தடவையும் இதோட முடிஞ்சுதுன்னு நெனச்சுக்கிட்டுத்தான் ஏறுவேன். என் பொண்டாட்டி ரன்வெய்கிட்ட காலைப் பிடிக்காத குறையாக் கேட்டேன், இன்வோக் போயிடலாம்னு. ஆலை இருக்கிற வரைக்கும் இங்கதான்னு சொல்லிட்டா. அவ அங்க மேற்பார்வையாளர். அவளை நம்பி அத்தனை பொண்ணுங்க. அவ வர மாட்டா. சரி, ஆலை போகட்டும்னு நெனச்சேன். யாரையும் கெடுக்கணும்னு இல்ல. ஒரு கோடு. ஒரே ஒரு கோடு."

தோர்திஸ் அவன் எதிரே போய் நின்றார். அறைந்துவிடுவார் என்று பியார்னே நினைத்தான். ஹல்வாரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். ரொட்டித் தட்டை நகர்த்தி வைத்தார்.

"ரெண்டாவது லைன் வந்திருந்தா" என்றார் தோர்திஸ் மெதுவாக, "ஒண்ணு அறுந்தாலும் இன்னொண்ணு தாங்கும். புயல் அடங்கினப்புறம் விடிஞ்சு, டீ குடிச்சுட்டு ஏறியிருக்கலாமேடா. உன்னைக் கம்பத்துலேர்ந்து இறக்கத்தானே நான் இந்தக் கிழட்டு வயசுல ஊர் ஊரா சண்டை போடறேன்."



ஹல்வார் தொண்டையைச் செருமினார். "தோர்திஸ், இப்படிப் பேசறதுக்கு மன்னிச்சுக்க. கோடு பொய்னு ஆயிடுச்சு. ஆனா பொய்யைக் கிழிச்சா அந்த இடத்துல வைக்க நிஜம் வேணும். இன்னிக்கு சாயங்காலம் திட்டம் தலைநகர் ஆஸ்லோவுக்குப் போகணும். அளவு இல்லாம தைஸ்தோய்க்கு லைன் கேட்டா அங்க ஒருத்தனும் திரும்பிப் பார்க்க மாட்டான். அடுத்த திட்டத்துக்கு வாங்கன்னுடுவான். அதுக்குள்ள உங்க ஆலை..."

"தெரியும். வாயை மூடு."

"அசல் அழிஞ்சு போச்சுன்னு மாப்பிள்ளை சொன்னதை நம்பணும்னு இல்லையே" என்றாள் சிசெல். "எஸ்பன், ஒரு பொறியாளர் எதை வேணா செய்வார். அளந்ததை அழிக்க மாட்டார். கை வராது."

எஸ்பன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "அழிக்கலை. என்கிட்ட இருக்கு." அவன் கை அவனை அறியாமல் மேல்சட்டைப் பையைத் தொட்டுவிட்டு விலகியது. "தர்றேன் அத்தை. ஆனா ரன்வெய்க்குத் தெரிய வேணாம். கணினிக் கோளாறுன்னு சொல்லிடுங்க. அவளுக்குத் தெரிஞ்சா நான் எங்கேயும் போக முடியாது, அங்கேயும் இருக்க முடியாது. அதை மட்டும் ஒத்துக்குங்க, இப்பவே தர்றேன்."

நியாயமான பேரம் என்று பியார்னேக்குப் பட்டது. ஒரு பொய்க்கு ஒரு தீவு. அவனாக இருந்தால் கையைக் குலுக்கிவிட்டு இறாலைப் பார்த்துப் போயிருப்பான். சிசெல்லைப் பார்த்தான். அவள் ஜன்னலுக்கு வெளியே துறையில் கட்டியிருந்த ஃபெர்ரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இது அவளுடைய வேலை இல்லை என்று அவள் முதுகு சொன்னது.

தாழ்வாரத்தில் காலடிச் சத்தம். மிட்னெஸ்காரர்கள் சிரித்துப் பேசிக்கொண்டே படியேறி வந்துகொண்டிருந்தார்கள்.

தோர்திஸ் நாற்காலி ஒன்றை இழுத்து, மாப்பிள்ளையின் முழங்காலில் தன் முழங்கால் இடிக்கும்படி உட்கார்ந்தார்.

"நான் யாருக்கும் தலை ஆட்டிப் பழக்கமில்ல. ஹல்வாருக்கு ஆட்டலை, ஆஸ்லோவுக்கு ஆட்டலை. என் அக்கா பொண்ணுகிட்டப் பொய் சொல்லச் சொல்ற உனக்கும் ஆட்ட மாட்டேன். அவகிட்ட நீயே சொல்லு, உன் வாயால. கூட வேணா நான் வந்து நிக்கிறேன்." அவர் குரல் உயரவில்லை. "ஆனா அது அப்புறம். இப்ப அவங்க உள்ள வர்றதுக்கு முன்னால அந்த அளவை எடுத்து மேஜை மேல வை, எஸ்பன். நான் கேட்டேன்னு இல்ல. நீயா வை."